மூன்று படிகளைக் காணவில்லை

என் பெரியம்மா வீட்டில் மூன்று படிகளைக் காணவில்லை.

திருட்டுப் போகவில்லை. யாரும் இடித்துத் தள்ளவும் இல்லை. போட்ட இடத்திலேயேதான் இருக்கின்றன, தெருவுக்கு அடியில்.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். சொன்னால், 'ஓ, அந்த ஊரில் மட்டும்தானே' என்று நீங்கள் நிம்மதி அடைந்துவிடுவீர்கள். 1985-ல் பெரியப்பா தன் பி.எஃப். பணத்தையும் பெரியம்மாவின் வளையலையும் போட்டுக் கட்டிய வீடு. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. சாயங்காலம் அந்த நடுப்படியில் உட்கார்ந்துதான் பெரியம்மா பூக் கட்டுவார். தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அவர் கண்ணுக்குக் கீழே நடந்துபோவார்கள்.

இப்போது தெரு அவர் வீட்டுக்கு மேலே இருக்கிறது. வாசலில் நின்று ஒரு சாண் இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். எழுபத்தைந்து வயதில், மூட்டு வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். மழை பெய்தால் தெருத் தண்ணீர் அழைக்காமலே உள்ளே வருகிறது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கத் தெம்பில்லாமல், கட்டில்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்து விடியும்வரை முழித்திருந்தாராம்.

"ரோடு போட வந்தாய்ங்கன்னு சந்தோசப்பட்டு டீ வச்சுக் குடுத்தேன்டா. ஒவ்வொரு தடவையும் குடுத்தேன்" என்கிறார்.

மூன்று தடவை ரோடு வந்தது. மூன்று தடவை டீ. மூன்று படிகள் காலி.

இது பெரியம்மாவின் துரதிர்ஷ்டம் இல்லை. வெறும் கணக்கு.

வீடு கட்டும்போது அதன் தரைமட்டம் சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பெரியப்பா விதித்தொகுப்பைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவருக்கு வீடு கட்டிய கொத்தனாருக்கு அது கையிலேயே இருந்தது. 15 சென்டிமீட்டரில் ஒரு படி, மூன்று படி, மொத்தம் 45. சிமென்ட் கான்கிரீட் தெரு போட்டால் தளத்தின் கனம் வழக்கமாக எவ்வளவு? 15 சென்டிமீட்டர். பழையதைப் பெயர்க்காமல் அதன் தலையிலேயே புதியதைப் போட்டால், ஒரு ரோட்டுக்கு ஒரு படி. அரசாங்கத்தின் ஒரு விதியை நம்பி நீங்கள் உயர்த்திய 45 சென்டிமீட்டரை, அரசாங்கத்தின் பணத்திலேயே மூன்று தவணையில் தின்று தீர்த்துவிடலாம். எந்த நோட்டீஸும் வராது. எந்த நஷ்டஈடும் கிடையாது.

நிலத்தில் ஓர் அடியை அரசு எடுத்துக்கொண்டால் நாம் கோர்ட்டுக்குப் போகிறோம். உயரத்தில் ஓர் அடியை எடுத்துக்கொண்டால் டீ கொடுக்கிறோம்.

*

'இதற்கெல்லாம் ஒரு விதி இருக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுதான் கோபமே.

2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு சம்பந்தப்பட்ட துறைகளுக்குத் தெளிவாகவே எழுதினார். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்த அளவுக்குத்தான் புதிய தளம் போட வேண்டும். சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது. பள்ளிக்கூடப் பையனுக்கும் புரிகிற தமிழில் சொன்னால்: எவ்வளவு எடுக்கிறாயோ அவ்வளவு போடு.

இதைச் சொல்ல ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் தேவைப்பட்டார் என்பதே வெட்கம். இன்னொரு வெட்கத்தையும் சொல்கிறேன். அந்த உத்தரவு பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. நாமும் பாராட்டினோம். அதன்பிறகு உங்கள் தெருவுக்கு ரோடு போட வந்தபோது, அதை நினைவு வைத்திருந்து கேட்டீர்களா?

அடுத்த வருஷமே வேலூர் நமக்கு ஒரு சினிமா காட்டியது. 2022 ஜூனில், தெருவோரம் நிறுத்தியிருந்த ஒரு பைக்கை நகர்த்திவைக்கக்கூடப் பொறுமை இல்லாமல், சக்கரம் புதையப் புதைய கான்கிரீட் போட்டுவிட்டுப் போனார்கள். அதே ஆண்டில் அதே ஊரில், ஒரு அடிபம்பை அப்படியே வைத்துச் சாக்கடைக் கான்கிரீட் கட்டினார்கள். நாடே சிரித்தது. நடவடிக்கையும் எடுத்தார்கள். பைக் புதைந்தால் படம் எடுத்துப் போடலாம், சிரிக்கலாம். வீடு புதைந்தால்? அது மெதுவாக நடக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒரு படி. அதைப் படம் எடுக்க முடியாது.

*

தெரு என்பது மேலே தெரிகிற கறுப்புத் தாரோ வெள்ளைக் கான்கிரீட்டோ இல்லை. இதை முதலில் நாம் மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மெக்காடம் என்பவர் இருநூறு வருஷங்களுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். பாரத்தைத் தாங்குவது கல் இல்லை, அடியில் இருக்கிற மண். அந்த மண்ணை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான் மேலே இருக்கிற கல்லின் வேலை. சுற்றியுள்ள தரையிலிருந்து தண்ணீர் வடிந்து ஓடட்டும் என்று ரோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் போடச் சொன்னவரும் அவர்தான். ஆனால் அவர் பேசியது வயல்வெளியில் ஓடுகிற கோச் வண்டிச் சாலையைப் பற்றி. இருபுறமும் வாசப்படி இருக்கிற தெருவில் தண்ணீர் எங்கே வடியும்? உங்கள் கூடத்தில்தான். தெருவில் உயர வேண்டியது ரோடு இல்லை; ஆழப்பட வேண்டியது சாக்கடை. இன்றைக்கும் ஒப்பந்ததாரரின் எஸ்டிமேட்டில் 'டபிள்யூ.பி.எம்.' என்று ஒரு வரி வரும். அந்தக் கடைசி 'எம்' மெக்காடம்தான். பெயர் பில்லில் இருக்கிறது. பாடத்தைத்தான் காணோம்.

திண்டுக்கல் சமவெளியில் இது இன்னும் முக்கியம். இந்த மாவட்டத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் செம்மண்ணுக்குப் போடுகிற மாதிரியே ரோட்டைப் போட்டால், தளம் மண்ணோடு சேர்ந்து மூச்சுவிட்டு மூச்சுவிட்டு ஒருநாள் பிளந்துகொள்ளும். 'ஏன் ரோடு வெடிச்சுப்போச்சு?' என்று கேட்டால், 'வெயில் சார்' என்பார்கள். வெயில் என்ன, போன வருஷம்தான் திண்டுக்கல்லுக்குக் குடிவந்ததா?

ஒரு கான்கிரீட் தெரு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், பொறியியல் படிக்கத் தேவையில்லை.

ஒன்று, சரிவு. தெருவின் நடுப்பகுதி உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு. உங்கள் தெரு 4 மீட்டர் அகலம் என்றால், ஓரத்தைவிட நடுமுதுகு 4 சென்டிமீட்டர் உயரம். ஓரத்தில் இறங்குகிற தண்ணீர் போய்ச் சேரச் சாக்கடை இருக்க வேண்டும். அந்தச் சாக்கடையின் விளிம்பு ரோட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். எத்தனை தெருக்களில் சாக்கடைச் சுவர் ரோட்டைவிட உயரமாக நிற்கிறது, பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் ஏணி வைத்து ஏறிச் சாக்கடையில் குதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இரண்டு, தண்ணீர். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பதே மேல் எல்லை. கலவை கெட்டியாக இருந்தால் பரப்புவது கஷ்டம். அதனால் குழாயைத் திறந்துவிட்டுப் பாயசமாக்குகிறார்கள். பரப்புகிறவருக்குச் சுகம், உங்களுக்கு நஷ்டம். அதிகமான தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும். போகிற இடத்தில் ஓட்டை விட்டுவிட்டுப் போகும்.

மூன்று, வெட்டு. கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்குகிற எதுவும் எங்காவது விரிசல் விடும். அது எங்கே விட வேண்டும் என்று நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். சுமார் 4 மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு, கனத்தில் கால் பங்குக்குக் குறையாத ஆழத்தில். போட்ட ஒரு நாளுக்குள் இயந்திரத்தால் அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் ரோடு தானே அறுத்துக்கொள்ளும், கோணல்மாணலாக.

நான்கு, நீராற்றல். 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். பாத்தி கட்டியோ சாக்கைப் போட்டோ. கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள். நம் தெருவில்? முதல் நாள் போடுகிறார்கள். இரண்டாம் நாள் காலையில் குடம் தண்ணீர் தெளிக்கிறார்கள். மூன்றாம் நாள் தண்ணி லாரி உள்ளே வருகிறது. பிள்ளை பெற்ற பெண்ணை மூன்றாம் நாளே நாற்று நடக் கூப்பிடுகிற கதை.

ஐந்து, சோதனை. எஸ்டிமேட்டில் 'எம் 30' என்று எழுதியிருந்தால் அது வெறும் அலங்காரம் இல்லை. கலவையிலிருந்து 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி வார்த்து, 28 நாள் கழித்து அழுத்திப் பார்த்தால், அந்தச் சின்னக் கட்டி கிட்டத்தட்ட 69 டன் பாரம் தாங்க வேண்டும். சரக்கேற்றிய பெரிய லாரிகள் ஒன்றுக்கு மேல் அதன் தலையில் நின்றாலும் அசையக் கூடாது என்று அர்த்தம். உங்கள் தெருக் கலவையில் கட்டி எடுத்தார்களா? எடுத்த கட்டி உங்கள் தெருக் கலவைதானா?

தார் ரோடு என்றாலும் கதை இதேதான். சுமார் 150 டிகிரிச் சூட்டில் பிளான்ட்டில் கலந்த கலவை, தெருவுக்கு வந்து, பரப்பி, ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. பத்து லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனால் கலவை ஆறிவிடும். ஆறிய கலவையில் ரோலர் ஓட்டுவது, ஆறிய தோசைமேல் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. பேவர் பிளாக்கும் அப்படித்தான். ஆட்டோவும் காரும் போகிற தெருவுக்கு 60 மில்லிமீட்டர், அதற்கு மேல் பாரம் போகிற தெருவுக்கு 80 மில்லிமீட்டர் என்று இந்தியத் தர நிர்ணயம் கணக்கு வைத்திருக்கிறது. ஓரத்தில் இறுக்கிப் பிடிக்கக் கல் கட்ட வேண்டும் என்கிறது. ஓரக்கல் இல்லாத பேவர் பிளாக், பல் செட்டில் பசை இல்லாத மாதிரி. பேசும்போதே ஆடும்.

இதெல்லாம் நேற்று வந்த ஞானம் இல்லை. 1927-ல் ஜெயகர் கமிட்டி என்று ஒன்று இந்தியச் சாலைகளைப் பற்றி ஆராய்ந்தது. அதன் வழியில் 1934-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறந்தது. தொண்ணூறு வருஷங்களாகக் கிராமத்து மண்பாதையிலிருந்து எக்ஸ்பிரஸ் ஹைவே வரை எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் முட்டுச்சந்துக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. விதி இல்லாத நாடு இல்லை இது. விதியை யாரும் எடுத்துப் பார்க்காத நாடு.

*

திண்டுக்கல்லுக்குப் போனால் பூட்டுக் கடைக்குப் போங்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல தலைமுறைகள் முன்பே மக்கள் கொடுத்துவிட்டார்கள். கைவேலைப் பூட்டை வாங்குகிறவர் என்ன செய்வார்? சாவியைப் போட்டுத் திறப்பார். பூட்டுவார். இழுத்துப் பார்ப்பார். இன்னொரு தடவை திறப்பார். கையில் தூக்கி எடை பார்ப்பார். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். 'நல்லா இழுத்துப் பாருங்கண்ணே' என்பார். சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை சோதனை.

அதே மனிதர் வீட்டு வாசலில் பல லட்ச ரூபாயில் ரோடு போடுகிறார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, 'தூசி வருது' என்று டி.வி.யைச் சத்தமாக வைக்கிறார். பணம் அவருடையதுதான். சொத்து வரியாகவும் பெட்ரோல் விலையாகவும் கொடுத்தது. ஆனால் கடைக்காரரிடம் கேட்டதில் நூற்றில் ஒரு பங்கு கேள்விகூட ஜே.இ.யிடம் கேட்பதில்லை. ஏன்? பூட்டு நமக்குச் சொந்தம். ரோடு கவர்மென்ட்டுக்குச் சொந்தம். இந்த ஒரு நினைப்பில்தான் அத்தனை கோளாறும் குடியிருக்கிறது.

ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் நண்பரிடம் பெரியம்மா வீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சொன்ன சமாதானங்களை அப்படியே தருகிறேன்.

"மில்லிங் மிஷின் அந்தச் சின்னத் தெருவுக்குள்ள நுழையாதுங்க."

நுழையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடிதண்ணீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் அதே தெருவைத் தோண்டும்போது பிரேக்கரும் ஜே.சி.பி.யும் எப்படி நுழைகின்றன? தோண்ட வேண்டும் என்று நினைத்தால் இயந்திரம் நுழைகிறது. எடுக்க வேண்டும் என்றால் மட்டும் சந்து குறுகிவிடுகிறது.

"எஸ்டிமேட்ல பெயர்க்கிறதுக்குக் காசு வைக்கலையே?"

எஸ்டிமேட் வானத்திலிருந்து விழுந்ததா? எழுதுகிறவர் நீங்கள்தானே? பெயர்த்த கான்கிரீட்டை உடைத்து அடித்தளத்துக்கே போடலாம். கொஞ்சம் காசும் மிஞ்சும்.

"உயர்த்திப் போட்டாத்தான் ரோட்டுல தண்ணி நிக்காதுங்க."

ரோட்டில் நிற்காத தண்ணீர் எங்கே நிற்கும் என்று யோசித்தீர்களா? பெரியம்மாவின் கட்டிலுக்கு அடியில் நிற்கும்.

கடைசியாக, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்: "பழசுமேல போட்டா, அடியில என்ன இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார்."

இதுதான் உண்மை. பழைய தளத்தின்மேல் புதிய தளம் என்பது, பழைய கணக்கின்மேல் புதிய கணக்கு. போன ரோடு ஏன் கெட்டது என்ற கேள்வியும் சேர்ந்து புதைந்துவிடும். எம்.புக்கில் 15 சென்டிமீட்டர் என்று எழுதியதை யார் தோண்டிப் பார்ப்பது? உயர்ந்துகொண்டே போகிற ஒவ்வொரு தெருவும், பிரேதப் பரிசோதனை செய்யாமல் அடுக்கடுக்காகப் புதைத்த ஒரு சுடுகாடு.

*

இதுவரை படித்துவிட்டு, 'நல்லாக் குடுத்தான்யா' என்று தலையாட்டியிருப்பீர்கள். இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

பெரியம்மா தெருவில் கடைசி ரோடு போட்டபோது, 'இன்னும் ஒரு நாலு இஞ்ச் தூக்கிப் போடுங்க' என்று கேட்டது யார் தெரியுமா? அதிகாரி இல்லை. எதிர்வீட்டுக்காரர். புதிதாகக் கட்டியவர். நாலடி உயரத்தில் பேஸ்மட்டம் போட்டு, வாசலில் தெருவுக்குள் மூன்றடி சரிவுமேடை இறக்கி, காரை ஏற்றுகிறவர். ரோடு எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு அவர் காருக்குச் சுகம். பக்கத்து வீட்டுக் கிழவி எக்கேடு கெட்டால் என்ன?

இப்படித்தான் ஒரே தெருவில் ஒரு போட்டி நடக்கிறது. நான் உயர்த்துகிறேன், ரோடு உயர்கிறது. ரோடு உயர்ந்ததால் நீ உயர்த்துகிறாய். கையில் காசு இருக்கிறவர் இடித்துக் கட்டுவார். அல்லது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற ஆட்களைக் கூப்பிடுவார். அப்படி ஒரு தொழிலே நம் ஊர்களில் வளர்ந்துவிட்டது. காசு இல்லாதவர் பள்ளத்தில் கிடப்பார். பழைய ஓட்டு வீட்டுக்காரர், லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர், பென்ஷனில் வாழ்கிற கிழவன் கிழவி. ஒரு தெருவின் மட்டத்தைப் பார்த்தாலே அங்கே யாருக்குக் குரல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

சாக்கடையை மூடிச் சரிவுமேடை கட்டியது நாம். வீடு கட்டிய மிச்ச மண்ணைத் தெருவில் தள்ளியது நாம். மரத்தின் கழுத்துவரை கான்கிரீட் வந்தபோது, 'குப்பை சேராது, நல்லது' என்றது நாம். போட்ட ரோட்டை அடுத்த மாதமே தண்ணீர்க் கனெக்ஷனுக்கு வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனதும் நாம்தான். ஒப்பந்ததாரர் திருடுகிறார் என்கிறோம். சரி. அவர் திருடும்போது காவலுக்கு நிற்க வேண்டியவன் தூங்கினால், அவனுக்கு என்ன பெயர்?

'இந்த நாட்டில் எதுவும் நடக்காது சார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். புனேயில் ஜங்லி மகாராஜ் சாலை என்று ஒன்று இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் மழையில் ஊர் ரோடுகள் எல்லாம் கந்தலானபோது, ஒரு நிறுவனத்திடம் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொண்டு வேலையைக் கொடுத்தார்கள். 1976-ல் திறந்த அந்த ரோடு, பத்து வருஷம் இல்லை, பல பத்து வருஷங்களுக்குக் குழி விழாமல் நின்றது. வேறு தேசத்து ஜல்லி இல்லை. வேறு தேசத்துத் தாரும் இல்லை. 'கெட்டால் நீயே சரிசெய்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

அறிவுக்கும் பஞ்சமில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி. அங்கேதான் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், குப்பைப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் பூசித் தாரோடு சேர்த்தால் ரோடு தண்ணீரைத் தாங்கும் என்று செய்து காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பக்கத்து வீட்டு அறிவுக்கு டெல்லியில் விருது. நம் தெருவில் மட்டும் பாயசக் கான்கிரீட்.

*

சரி, என்ன செய்யலாம்? மூன்று விஷயம் சொல்கிறேன். ஊர்வலம், உண்ணாவிரதம் எதுவும் இல்லை.

முதலாவது, 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தை நாம் வெறும் காகிதம் கேட்கிற சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் இரண்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்துகிற பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று இருக்கிறது. பத்து ரூபாய் மனு. எஸ்டிமேட்டின் நகல், எம்.புக்கின் நகல், கட்டிச் சோதனையின் முடிவு, ஒப்பந்ததாரர் எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு என்ற விவரம், கலவையின் மாதிரி. ஐந்தையும் கேளுங்கள். கேட்கிறவன் ஒருவன் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்தாலே கலவையில் தண்ணீர் குறையும்.

இரண்டாவது, பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்து வார்டுகளுக்கும் தமிழ்நாட்டில் விதி வந்து, 2022 நவம்பர் 1-ல் பல ஊர்களில் சபை கூடியது. 2014-ல் மாநகராட்சி ஆன திண்டுக்கல்லுக்கும் இந்த விதி உண்டு. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது? தெரியாதா? அதைத்தான் கவுன்சிலரிடம் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, என் சொந்த யோசனை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மட்டக் குறி வேண்டும். தெருமுனை மின்கம்பத்திலோ ஒரு கல்லிலோ ஒரு கோடு. 'இந்தத் தெருவின் மட்டம் இது. இதற்கு மேல் ஒரு விரல்கூட உயரக் கூடாது.' பக்கத்தில் ஒரு பலகை: என்ன கலவை, எத்தனை சென்டிமீட்டர், யார் போட்டது, எந்தத் தேதியில், எதுவரை அவர் பொறுப்பு. இதற்கு சாட்டிலைட் தேவையில்லை. தெருவிலேயே இருக்கிற கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும். ஒரு டியூபும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும். தண்ணீர் யாரிடமும் கமிஷன் வாங்காது. மட்டத்தை மட்டும்தான் சொல்லும்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று சண்டை வரும். வரட்டும். பதில் ஒன்றுதான். தெருவிலேயே தாழ்ந்த வீடு எதுவோ, அதன் வாசப்படிக்குக் கீழே.

போன வாரம் பெரியம்மாவிடமிருந்து போன். தெருவை மறுபடியும் அளந்துகொண்டு போனார்களாம். குரலில் பதற்றம்.

"ஏப்பா, நீ பத்திரிகையில எழுதுற ஆளு. ஒரு மனு எழுதிக் குடு. எங்க தெருவுக்கு ரோடு வேணாம்னு எழுது."

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். ரோடு வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர், பஸ், விளக்கு எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறேன். 'தயவுசெய்து எங்களுக்கு எதுவும் செய்துவிடாதீர்கள்' என்று ஒரு குடிமகள் அரசாங்கத்திடம் கெஞ்சுகிற மனுவை எழுதச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நான் அப்படி எழுதவில்லை. இப்படி எழுதி அனுப்பினேன்:

'ஐயா, எங்கள் தெருவுக்கு ரோடு வேண்டும். அதற்கு முன்னால், அடியில் இருக்கிற மூன்று ரோடுகளையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். எங்கள் மூன்று படிகள் அங்கேதான் இருக்கின்றன.'

பெரியம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இந்தத் தடவை டீ கிடையாதாம். கையில் டேப் வைத்துக்கொண்டு வாசலில் உட்காரப் போகிறாராம்.

உங்கள் வீட்டில் டேப் இருக்கிறதா?